துண்டு கிடந்த மூன்று நாள்

பதினொரு வீடுகளின் சாவிகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றுகூட என் வீடு இல்லை. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நகரியத்துக்கு வெளியே, முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையை ஒட்டி, மனை வாங்கி வீடு கட்டினார்கள். பிறகு பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆள் பார்த்துக் குடி வைப்பது, மோட்டார் ஓடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவது, காலி செய்யும்போது சுவர், குழாய், சுவிட்ச் எல்லாம் பார்த்து எழுதுவது, உரிமையாளர் சொல்வதைக் குடியிருப்பவரிடமும் குடியிருப்பவர் சொல்வதை உரிமையாளரிடமும் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்வது. ஒன்பது ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். எல்லாரும் என்னை வூட்டுக்காரம்மா என்பார்கள். நான் இருப்பதோ கணவருக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில். அவர் ஓய்வு பெறும்போது அதன் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தினமும் மாலை ஆறு மணிக்கு டைரி எழுதுவேன். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனேன், என்ன பார்த்தேன், யார் என்ன கேட்டார்கள், அவ்வளவுதான். அபிப்பிராயம் எழுதுவதில்லை. போன ஆவணி மாதத்தில் ஏழாம் நம்பர் வீட்டைப் பற்றி அடுத்தடுத்து மூன்று நாள் எழுதியிருக்கிறேன்.

சனி: ‘காலை 10.15. பிளம்பருடன் போனேன். கேட்டில் துண்டு. தட்டவில்லை.’

ஞாயிறு: ‘மாலை 5.00. எதிர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். கேட்டில் துண்டு. தட்டவில்லை.’

திங்கள்: ‘காலை 11.20. பிளம்பருடன் போனேன். கேட்டில் துண்டு. உள்ளே ஃபேன் சத்தம். தட்டவில்லை.’

துண்டு என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பவர், முன்பக்கக் கேட்டில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் படுப்பார். உள்ளே ஆள் தூங்குகிறார், தட்டாதே என்று அர்த்தம். எங்கள் பிளாக்கில் என் சின்ன வயதிலேயே இந்த வழக்கம் இருந்தது. என் அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். அவருக்கு நைட் என்றால் அம்மா துண்டைப் போட்டுவிட்டு, காலிங் பெல்லின் சுவிட்சையும் அணைத்துவிடுவார். குக்கர் வைக்கமாட்டார். பக்கத்து வீட்டுத் துண்டைப் பார்த்தால் நாங்கள் அடுத்த தெருவுக்குப் போய் விளையாடுவோம். ஒருமுறை துண்டு கிடந்த வீட்டின் கேட்டை நான் ஆட்டிவிட்டேன் என்று அம்மா என் தொடையில் கிள்ளியது நினைவிருக்கிறது. துண்டு கிடக்கும் வீட்டைத் தட்டுவது எனக்குக் கை வராத காரியம்.

ஏழாம் நம்பரில் இருந்தவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. நாற்பத்தெட்டு வயது. மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் திட்டக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார்கள். மனைவிக்கு அங்கே பள்ளியில் சத்துணவு சமைக்கும் வேலை. இவர் மாதம் இரண்டு முறை ஊருக்குப் போவார். நான் பார்த்த வீடுகளிலேயே ஆணி அடிக்காத சுவர்கள் அவர் வீட்டுச் சுவர்கள்தான். அவருடைய ஷிப்ட் அட்டவணையை வாங்கி வைத்திருந்தேன். எல்லாரிடமும் வாங்குவேன். எப்போது போனால் ஆள் விழித்திருப்பார் என்று தெரிய வேண்டுமே. அந்த வீட்டுக்கென்று நான் வைத்திருக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அட்டவணை இருந்தது.

அந்த வாரம் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்திருந்தார். சனிக்கிழமை பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். பிளம்பர் குறிஞ்சிப்பாடிக்காரர், நாற்பது வயதிருக்கும், சும்மா இருக்க மாட்டார்.

“தட்டட்டாக்கா?”

“வேணாம் தம்பி. துண்டு கெடக்குது பாருங்க.”

“ஒரு வாசர் மாத்தறதுதாங்க்கா. சத்தமே இல்லாம மாத்திட்டுப் போயிடறேன். அவுரு கனவுல கொழா மாத்தறாப்புல நெனச்சிக்குவாரு.”

“தூங்கட்டும். ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்திருக்காரு.”

ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டில் கதவு இறுகிக்கொள்கிறது என்று பார்க்கப் போனேன். ஏழாம் நம்பர் கேட்டில் அதே துண்டு, பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. எதிர் வீட்டு அம்மா குரலைத் தாழ்த்தி, “ரெண்டு நாளா நல்ல தூக்கம் போல. பசங்கள அந்தப் பக்கம் போயி ஆடுங்கடான்னு தொரத்தி வுட்டேன்” என்றார். யாருக்காவது பதிலாக இன்னொரு நைட் பார்த்திருப்பார் என்று நான் நினைத்தேன். கான்ட்ராக்ட் ஆட்கள் அப்படிப் பார்ப்பதுண்டு. ஞாயிறு அவருக்கு வார விடுமுறை என்பது அட்டவணையில் என் கையெழுத்திலேயே இருந்தது. நான் புரட்டவில்லை.

திங்கள்கிழமை மறுபடியும் பிளம்பருடன் போனேன். அன்று ஏழாம் நம்பர்க்காரருக்கு முதல் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு வேலையில் இருக்க வேண்டிய ஆள். பதினொன்று இருபதுக்குக் கேட்டில் துண்டு கிடக்கக் கூடாது. அன்றும் நோட்டைப் புரட்டாமல், இன்னும் நைட்தான் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“இவுரு எப்பத்தான்க்கா முழிச்சிகினு இருப்பாரு? எனுக்கு இப்பிடி ஒரு தூக்கம் வந்தா என் பொண்டாட்டி கோயிலுக்கு மொட்ட போடுவா” என்றார் பிளம்பர். நான் சிரித்தேன். கேட்டுக்கு வெளியே நின்று, கொஞ்சம் உரக்கவே சிரித்தேன். அதுதான் அந்த மூன்று நாளில் அந்த வீட்டு வாசலில் நான் எழுப்பிய ஒரே பெரிய சத்தம்.

அன்று மாலை ஐந்தரைக்கு ஊரிலிருந்து ஏழாம் நம்பர்க்காரரின் மனைவி எனக்குப் போன் செய்தார். “அக்கா, ரெண்டு நாளா போன் அடிச்சிகினே இருந்துச்சுங்க, எடுக்கல. இன்னிக்கு சுவிட்ச் ஆஃப்னு வருது.” நான் நிதானமாகப் பதில் சொன்னேன். “பயப்படாதீங்கம்மா. காலையில நான் அந்தப் பக்கம் போனேன். துண்டு கெடந்துச்சு, ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. அசந்து தூங்கறாரு. எழுந்ததும் பேசுவாரு.” அவர் சமாதானமாகி வைத்துவிட்டார். இந்தப் பேச்சும் அன்றைய பக்கத்தில் இருக்கிறது.

செவ்வாய் காலை ஏழு நாற்பதுக்கு மறுபடி அழைத்தார். இந்த முறை அழுகை. போனைக் காதில் வைத்துக்கொண்டே நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சனி காலை ஆறு மணியோடு நைட் முடிகிறது. ஞாயிறு விடுமுறை. திங்கள் முதல் ஷிப்ட். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை மிதித்தேன்.

துண்டு ராத்திரித் தூறலில் நனைந்து கம்பியோடு ஒட்டியிருந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தேன். ஏன் தோளில் போட்டேன் என்று தெரியவில்லை, கீழே போட மனம் வரவில்லை. கதவு, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. உள்தாழ் போட்டிருக்கவில்லை. முதல் முறையாகக் கதவைத் தட்டினேன். பிறகுதான் சாவியைப் போட்டேன்.

படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் கிடந்தார். வேலைக்குப் போட்ட பேன்ட் அப்படியே இருந்தது. ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையும் கட்டில்மேல் இருந்தன. விரித்த பாய் கலையவில்லை. துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போனவர் படுக்கவே இல்லை. வலது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. தலை குளியலறை வாசற்படியில். அந்த ஒழுகும் குழாயின் தண்ணீர் தரையில் ஓடி வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. இடது கை ஈரமாக இருந்தது. கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தன.

ஆம்புலன்ஸ் வந்தது. தெருவே வாசலில் நின்றது. எதிர் வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “துண்டு கெடந்துச்சே, துண்டு கெடந்துச்சே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் தெரு மூன்று நாள் அவருக்காக அமைதியாக இருந்திருக்கிறது. பிள்ளைகள் வேறு இடத்தில் விளையாடினார்கள். கீரை விற்பவர் அந்த வாசலில் கூவாமல் தாண்டிப் போனார். எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டோம்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் சரியாக வராது என்றார்கள். சனிக்கிழமையே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். பக்கத்தில் நின்ற நோயாளியின் மனைவியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தண்ணீர் கொஞ்சம் கிடைத்திருக்கிறது, அதனால்தான் தாக்குப்பிடித்தார் என்று மட்டும் சொன்னார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீங்க சாவிய எடுத்துகினு ஓடலன்னா எனக்கு இவுரு இல்லக்கா. எங்க கொலசாமி மாதிரி வந்தீங்க.” அவருக்குத் தெரிந்தது திங்கள்கிழமை மட்டும்தான். நான் ஒருமுறை போனேன், ஏமாந்தேன், மறுநாள் ஓடிவந்து திறந்தேன். அவர் கணக்கில் அவ்வளவுதான். சனியும் ஞாயிறும் என் டைரியில் மட்டும் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவர் அடுத்த படுக்கைக்காரர்களிடம் என்னைக் காட்டி, “இவுங்கதான்” என்பார். அதற்காகவே போகும் நாட்களைக் குறைத்துக்கொண்டேன்.

புரட்டாசிக் கடைசியில் அவரை ஏழாம் நம்பருக்கே கூட்டிவந்தார்கள். மனைவி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து தங்கினார். தினமும் கை கால் பயிற்சி கொடுக்க வேண்டும், முதல் ஆறு மாதம்தான் முக்கியம், விட்டால் அப்படியே நின்றுபோகும் என்று சொல்லியிருந்தார்கள். பயிற்சி கொடுக்கும் இடம் இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். அவர்கள் கிராமத்திலிருந்து என்றால் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். வீடு தரைத்தளம், உள்ளேயே குளியலறை. அந்த நிலையில் இருக்கும் ஆளுக்குப் புதிதாக வீடு கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள். ஒன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த வாரமே வீட்டு உரிமையாளர் கோயம்புத்தூரிலிருந்து அழைத்தார். அவரும் சுரங்கத்தில் இருந்தவர்தான். இப்போது மகனோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்.

“அந்த ஆளக் காலி பண்ணச் சொல்லிடுங்கம்மா. மூணு நாள் கெடந்தாராமே, எனக்கு நாலு பேரு போன் பண்ணிட்டாங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் அந்த வீட்டுக்கு ஆள் வருமா? தனியா இருக்கறவரு உடம்பு சரியில்லன்னா நாலு பேருகிட்ட சொல்லி வெக்க வேணாமா? அவரு கவனமில்லாம இருந்துட்டு என் வீட்டுக்குக் கெட்ட பேரு.”

வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சை வாங்கி, ஆறவைத்து, ‘சார் கொஞ்சம் யோசிக்கிறார்’ என்று குடியிருப்பவரிடம் சொல்வேன். அன்றும் வாயில் அந்தப் பழக்கம்தான் வந்தது. “பார்க்கிறேன் சார்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு நான்கு நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் அவர் மனைவி போன் செய்தார். “எதிர் வூட்டுல சொல்றாங்கக்கா, வூட்ட காலி பண்ணச் சொல்வாங்கன்னு. நீங்க சொன்னா சார் கேப்பாரு. உசுரக் காப்பாத்துனவங்க, இதையும் காப்பாத்திக் குடுங்க.”

அன்று மாலை ஆறு மணிக்கு டைரியைத் திறக்காமல் போனை எடுத்தேன்.

“சார், அவர் மேல தப்பில்ல. மூணு நாளும் நான் அங்க போனேன். துண்டு கெடந்துச்சு. தட்டல.”

“மூணு நாளுமா?”

“சனி, ஞாயிறு, திங்கள்.”

“நீங்க ஷிப்டெல்லாம் எழுதி வெப்பீங்களேம்மா?”

“வெச்சிருந்தேன் சார். பார்க்கல.”

அந்தப் பக்கம் டி.வி. ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது அணைந்தது.

“முப்பத்தி ரெண்டு வருசம் நானும் துண்டு போட்டிருக்கேன்” என்றார். “ஒருத்தன் தட்டினதில்ல. இங்க இருக்கறவங்ககிட்ட அதப் பெருமையாச் சொல்லுவேன்.” பிறகு வீட்டு விஷயத்துக்கு வந்தார். “பொங்கல் வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் பேசலாம். அந்தம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது சார்.”

“நீங்களே சொல்லிடுங்க. நான் ஏதாவது பேசப்போயி, என் வாயால தெரிய வேணாம்.”

மறுநாள் காலை போனேன். கதவு திறந்திருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மனைவி ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பொங்கல் வரைக்கும் இருக்கலாம் என்று சொன்னேன். “எனக்குத் தெரியும்க்கா, நீங்க பேசுனா நடக்கும்னு” என்று கணவர் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா, அக்கா முடிச்சிட்டு வந்துட்டாங்க” என்றார். மகிழ்ச்சியில் கஞ்சியைக் கொஞ்சம் சிந்திவிட்டார்.

நான் பையிலிருந்து டைரியை எடுத்தேன். சொந்தமாகச் சொன்னால் மென்மையாக்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன். மூன்று நாள், மூன்று நேரம், மூன்று ‘தட்டவில்லை’.

“சனிக்கெழமையேவா?” என்றார். குரல் உயரவில்லை.

“ஆமாம்மா.”

அப்போது நாற்காலியில் இருந்தவர் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மனைவி குனிந்து, “இன்னாங்க? இன்னொருவாட்டி சொல்லுங்க” என்றார். அவர் இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார். “பேசு... னாங்க” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். “கேட்டுது.”

நான் தூங்கட்டும் என்று சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. மொட்டை போடும் பேச்சும் என் சிரிப்பும் கேட்டிருக்கின்றன. ஆஸ்பத்திரியில் என்னை ‘இவுங்கதான்’ என்று மனைவி காட்டியபோதெல்லாம் அவர் எல்லாம் தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் அப்போது அவர் முகத்தில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. முகத்தின் பாதி எதையும் காட்டாது. மறுபாதியை நான் நேராகப் பார்க்கவில்லை.

அவர் மனைவி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். “ஒரு தட்டு தட்டியிருக்கலாம். தூங்கறவர எழுப்பிட்டா இன்னா பண்ணியிருப்பாரு? எழுந்து ரெண்டு வார்த்த திட்டியிருப்பாரு. திட்டட்டுமே. திட்டுனா இன்னா?”

மன்னிப்புக் கேட்கும் சொற்களை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

“கஞ்சி ஆறிப்போச்சு” என்று எழுந்தார். “நீங்க கெளம்புங்க வூட்டுக்காரம்மா.” அதற்குமுன் அவர் என்னை அப்படி அழைத்ததில்லை.

ஷிப்ட் அட்டவணைகளை எல்லா நோட்டிலும் முதல் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். துண்டும் அட்டவணையும் ஒத்துப்போகவில்லை என்றால் தட்டுகிறேன். சில நாள் ஒத்துப்போனாலும் தட்டுகிறேன். மூன்றாம் நம்பர்க்காரர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து, “அம்மா, நைட்டு முடிச்சிட்டு இப்பத்தான் கண்ண மூடுனேன், உங்களுக்கு இன்னாதான் வேணும்?” என்று கத்தினார். ஒன்றும் வேண்டாம் என்றேன். “ஒண்ணும் வேணாமுன்னா வேற எந்தக் கதவையாவது தட்டுங்க” என்றார். “சுடுகாட்டுக்குப் போனாலும் வந்து தட்டுவீங்க போலிருக்கு.” பிளம்பர் இப்போதெல்லாம் வேடிக்கை பேசுவதில்லை. என் கணவருக்கே இது பிடிக்கவில்லை. “ஷிப்ட் பாக்கறவன் வீட்டுல பொறந்து வளந்துட்டு இதென்ன பழக்கம்?” என்கிறார். திட்டு வாங்கிய நேரத்தையும் திட்டிய சொற்களையும் டைரியில் எழுதிவிடுகிறேன். எழுதினால் தூக்கம் வருகிறது என்று சொல்ல முடியாது.

பொங்கல் வந்து போய்விட்டது. உரிமையாளர் அழைக்கவில்லை. நானும் அழைத்து நினைவூட்டவில்லை. இப்போது மாசி. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறார். கைபட்ட இடத்தில் சுவரில் நீளமாக ஓர் அழுக்குக் கோடு விழுந்திருக்கிறது. காலி செய்யும் நாளில் எழுத வேண்டிய விஷயம் அது. நான் எழுதப் போவதில்லை.

வாரம் இரண்டு முறை அந்தத் தெருவுக்குப் போகிறேன். ஏழாம் நம்பர் கேட்டில் எதுவும் கிடப்பதில்லை. கதவைப் பகலில் சாத்துவதே இல்லை. தட்ட வேண்டிய அவசியம் இல்லாததால் கேட்டருகே நிற்கிறேன். அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பார். என் பக்கம் திரும்புவதில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, ஒவ்வொரு முறையும், அதே ஒரு சொல்லைத்தான் சொல்கிறார்.

“இருக்காரு.”